ஜெனோவா வீட்டு நடை

தூத்துக்குடியில் கடலுக்கு மூன்று தெரு தள்ளியிருக்கும் ஜெனோவாவின் வீட்டில் நடை நீளத் தொடங்கியது, ஆகஸ்டில் மாதா திருவிழா முடிந்த அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். முதலில் அதைக் கண்டுகொண்டது ஜெனோவா அல்ல, அவள் கையிலிருந்த காபி. அடுப்படியில் ஊற்றும்போது ஆவி பறந்த காபி, பின்னறைக் கதவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. அவள் கதவைத் தட்டினாள், டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினாள், திரும்பும்போதுதான் காலடிகளை எண்ணினாள். இருபத்தாறு. நேற்று வரை அது பன்னிரண்டு.

அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் அகலம் குறைந்து நீளம் கூடியவை. தெருவைப் பார்த்து முன்னறை, பக்கத்தில் அடுப்படி, அங்கிருந்து ஓர் ஆள் போகும் அகலத்தில் ஒரு நடை, நடையின் முடிவில் பின்னறை, பின்னறைக்கு அந்தப்பக்கச் சந்தில் திறக்கிற தனிக்கதவு ஒன்று. பின்னறையில் ஜெனோவாவின் ஒரே மகள் ஜோவிட்டா இருந்தாள், பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. ஜெனோவாவுக்கு நாற்பத்தேழு. கணவர் சேவியருக்குச் சரக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் ஒன்பது மாதம் தண்ணீரில். அதனால் சுவரில் ஓதம் ஏறினாலும், உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தாலும், மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பார்க்க வேண்டியவள் அவள் ஒருத்திதான், நடுவே ஸ்கேன் சென்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாளெல்லாம் டோக்கன் நம்பர் கூப்பிடவும் வேண்டும்.

திங்கட்கிழமை நடந்தது இதுதான். பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஜோவிட்டா மூன்று வாரமாக டியூஷனுக்கு வரவில்லை என்று ஆசிரியை சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள், அந்த ஹாலில் இருந்த முப்பது பெற்றோருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் முன்னால், ஜெனோவா மகளின் கன்னத்தில் அறைந்தாள். ஜோவிட்டா அழவில்லை. வீட்டுக்கு வந்து பின்னறைக்குள் போய் நடைப்பக்கத்துக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். அதன் பிறகு சந்துக் கதவு வழியாகவே பள்ளிக்குப் போனாள், சந்துக் கதவு வழியாகவே திரும்பினாள், சாப்பாட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, அப்பாவின் அக்கா பெர்னதெத் வீட்டுக்குப் போனாள்.

நடையோ புதன்கிழமை நாற்பது காலடியானது, வெள்ளிக்கிழமை நூறு தாண்டியது, ஞாயிற்றுக்கிழமை ஜெனோவா பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது கதவு ஒரு தபால் கவர் அளவுக்குத் தெரிந்தது, அடுத்த ஞாயிறு தபால்தலை அளவுக்குத் தெரிந்தது, செப்டம்பர் பாதியில் கதவே தெரியவில்லை, சுவரின் உச்சியில் இருந்த காற்றுத் துவாரங்கள் வழியாக வெளிச்சம் துண்டுதுண்டாகத் தரையில் விழுந்து, விழுந்து, வெகுதூரத்தில் ஒரு கடுகாகி முடிந்தது. வெளியே வீடு அசையவில்லை. பெர்னதெத் கூட்டிவந்த அளவுக்காரர் தெருவிலிருந்து சந்து வரை நாடா பிடித்து நாற்பத்திரண்டு அடி என்றார், உள்ளே வந்து நாடாவை நடைக்குள் விட்டார், அது தீர்ந்தது, இன்னொரு நாடாவை அதோடு முடிச்சுப் போட்டு விட்டார், அதுவும் தீர்ந்தது, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "வெளி அளவு சரியாத்தாம்மா இருக்கு," என்று போய்விட்டார்.

தெரு பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. உப்புக் காற்று இரும்பையே தின்கிறது, சுவரை இழுக்காதா என்றார்கள். சர்க்கரை ஏறி டாக்டர் நடக்கச் சொன்னவர்கள் ஏழெட்டுப் பேர் விடிந்ததும் ஜெனோவா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஒரு எட்டு போய்ட்டு வந்துருதோம்," என்று நடைக்குள் போனார்கள். நாய்த் தொல்லை இல்லை, பைக் இல்லை, வெயிலில்லை என்று மெச்சினார்கள். மழை தொடங்கியதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நடைக்குள் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள், அரைக் கிலோமீட்டருக்குப் புடவைகளும் பள்ளிச் சீருடைகளும் தொங்கின, யாருடைய சட்டை எங்கே முடிந்து யாருடையது தொடங்குகிறது என்பதில் மட்டும் இரண்டு சண்டை வந்தது. ஒருவர் சைக்கிளை உள்ளே விட்டுப் பார்த்தார். கைப்பிடி இரண்டு பக்கமும் உரசி, பத்தடிக்குப் பூச்சு மொத்தமாகக் கொட்டியது. கொத்தனார் வேலாண்டி வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உருளுத எதுவும் இதுக்குள்ள போவக் கூடாது. ஆளு நடக்கலாம், மெதுவா ஓடலாம், அவ்வளவுதான்," என்று தீர்ப்புச் சொன்னார்.

ஏனென்றால் புதிதாக வந்த சுவர் புதிதாக வரவில்லை. வரும்போதே அதே பழைய நீலச் சுண்ணாம்போடு, அதே ஓதத்தோடு, அதே வெடிப்போடு வந்தது, ஒவ்வொரு காலையும் ஜெனோவாவுக்கு ரிப்பேர் பார்க்க இன்னும் அறுநூறு அடி சுவர் கூடியிருந்தது. வேலாண்டி மூன்று கிலோமீட்டர் வரை வந்து கலவை போட்டார், ஆறு வரை முனகிக்கொண்டே வந்தார், அதற்குமேல் வரமாட்டேன் என்று சாந்துச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"போறதுக்கே ஒரு நேரம் ஆவுது தாயி. நான் வேல பாப்பேனா, நடப்பேனா?"

"அப்ப கரண்டிய எங்கிட்டக் குடுங்க. எப்படிப் பூசணும்னு சொல்லுங்க."

அவர் சொல்லிக்கொடுத்தார். தளர்ந்த பூச்சைக் கொத்தி எடுக்கணும், தண்ணி தெளிக்கணும், கலவையை வீசி அடிக்கணும், தடவக் கூடாது. ஜெனோவா முதல் நாள் வீசியது முழுக்க அவள் முகத்திலேயே விழுந்தது.

மகளைத் தெருவில் பிடித்துப் பேசிவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும், அவளுக்கும் தோன்றியது. ஒருநாள் காலையில் சந்தில் போய் நின்றாள். ஜோவிட்டா பையோடு வெளியே வந்தாள். ஜெனோவா, "ஏட்டி, ஒரு நிமிஷம்," என்றதும் சந்தின் அத்தனை சன்னல்களும் திறந்தன. ஜோவிட்டா அந்தச் சன்னல்களை ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆளுக முன்னால மறுபடியும் எதுவும் பண்ணாத," என்றாள். குரலை உயர்த்தவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னது நியாயம் என்று ஜெனோவாவுக்கு அன்று முழுக்க, டோக்கன் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் தோன்றிக்கொண்டே இருந்தது. நாலு பேர் முன்னால் செய்ததை நாலு பேர் முன்னாலேயே சரிசெய்ய முடியாது. வீட்டுக்குள் போய், நடைப்பக்கத்துக் கதவைத்தான் தட்ட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, புடவையை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டு, ஸ்கேன் சென்டருக்குப் போட்டுப்போகும் கான்வாஸ் ஷூவோடு நடைக்குள் இறங்கி ஓடினாள். துணிக்கொடியைத் தாண்டுவதற்குள் நெஞ்சு அடைத்தது. நடந்தே திரும்பி வந்தாள். மறுநாளும் ஓடினாள்.

மழையில் கடற்கரைச் சாலையில் தண்ணீர் நின்றபோது, அங்கே தினமும் ஓடுகிற நாலைந்து பேர் இந்த நடையைக் கேள்விப்பட்டு வந்தார்கள். அவர்களில் ஒருத்தி சண்முகவடிவு, ஐம்பத்திரண்டு வயது, தபாலாபீசில் கிளார்க், மராத்தான் என்கிற நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தை மூன்று தடவை ஓடி முடித்தவள், அதைப் பற்றி யாராவது கேட்டால் மட்டுமே சொல்கிறவள். ஜெனோவா ஓடுவதை ஒருநாள் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "யார அடிக்க ஓடுத?" என்று கேட்டாள்.

ஜெனோவாவுக்குச் சுருக்கென்றது. "ஏங்க்கா?"

"முஷ்டிய மடக்கிட்டு ஓடுதியே. கைய விடு. தோள விடு. பேசிக்கிட்டே ஓட முடியுற வேகத்துல ஓடு. மூச்சு வாங்குச்சுன்னா நீ வேகமா ஓடுதன்னு அர்த்தம்."

அப்படி ஓடினாள். அக்டோபரில் மூன்று, பிறகு ஐந்து, நவம்பர் தொடக்கத்தில் ஒன்பது கிலோமீட்டர். அங்கே கெண்டைக்கால் சுண்டி இழுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், கால் கட்டைவிரல் நகம் கறுத்து, ஒரு வாரத்தில் கழன்று விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் முதுகுப் பையில் ஐந்து கிலோ சிமென்ட்டும் மணலும் தண்ணீர் பாட்டிலும் கரண்டியும் போட்டுக்கொண்டு ஓடினாள், பூச்சு தொங்குகிற இடத்தில் நின்று கொத்திப் பூசினாள், காலிப் பையோடு ஓடித் திரும்பினாள், குளித்துவிட்டு வேலைக்குத் துணி எடுத்துவைத்தாள். ஸ்கேன் சென்டருக்கு வந்தவர்கள் அவள் நகக்கண்ணில் சிமென்ட்டைப் பார்த்தார்கள். அவள் மறைக்கவில்லை.

பெர்னதெத்துக்கு இது பொறுக்கவில்லை. அவள் கெட்டவள் இல்லை. அந்த மூன்று மாதமும் ஜோவிட்டாவுக்கு மீன் குழம்பு வைத்துப் போட்டவள், காய்ச்சல் வந்த நாலு நாள் பக்கத்திலேயே இருந்தவள். ஒருநாள் வந்து முன்னறையில் உட்கார்ந்தாள்.

"ஜெனோவா, ஊரு என்ன பேசுதுன்னு தெரியுமா? இந்த வயசுல முழங்கால் போனா யாரு பாப்பா? சேவியர்ட்ட பேசிட்டேன். கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்கதுக்கு முன்னால நடைல இருபது அடில ஒரு சுவர் வச்சு அடைச்சிருவோம். அந்தப் பக்கம் அவளுக்கு, இந்தப் பக்கம் உனக்கு. நிம்மதியா இருங்க."

"அந்தப் பக்கமும் எனக்குத்தான் மைனி."

"அவ உன்ன வேண்டாங்கா."

"வேண்டாங்கட்டும். அத எங்கிட்ட அவ சொல்லணும். செங்கல் சொல்லக் கூடாது."

அன்றைக்கே சேவியர் போன் பண்ணினார். சிங்கப்பூர் தாண்டி எங்கேயோ கப்பல் போய்க்கொண்டிருந்தது, பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது. "அக்கா சொல்லுதபடி கேளு. நான் வந்து பாத்துக்கிடுதேன்."

"நீங்க வந்து பாக்கதுக்கு இங்க என்ன மிச்சம் இருக்கும்னு எனக்குத் தெரியல," என்றாள் ஜெனோவா. "நடைய அடைக்க விடமாட்டேன். கப்பல நிறுத்த உங்களால முடியுமா? முடியாதுல்லா. அப்படித்தான் இதுவும்."

ஆனாலும் டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு டெம்போ வந்து அவள் வாசலில் செங்கலை இறக்கிவிட்டுப் போனது, வருகிற திங்கட்கிழமை வேறொரு கொத்தனார் வருவார் என்று பெர்னதெத் சொல்லியனுப்பினாள். அதே வாரத்தில்தான் நடை நீள்வதும் நின்றது. ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை, ஏன் நீண்டது என்றே கேட்காதவர்கள். எவ்வளவு தூரம் என்று பார்த்துவருவதாகச் சண்முகவடிவு ஒருநாள் விடிந்ததும் உள்ளே போனாள், மதியம் வெளியே வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்பு எலுமிச்சைத் தண்ணீரை உப்புப் போட்டுக் குடித்தாள்.

"இருபத்தொண்ணு. போக வர நாப்பத்திரண்டு. மெடல் குடுக்கத்தான் ஆளில்ல."

"கதவப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன். பச்சைக் கதவு."

"தட்டுனீங்களா?"

"அது என் வேலையா? உன் வேல," என்றாள் சண்முகவடிவு. பிறகு, "பதிமூணுலேர்ந்து பூச்சு ரொம்ப மோசம். தலைய மூடிக்கிட்டு ஓடு," என்றாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜெனோவா கிளம்பினாள். ஸ்கேன் சென்டருக்கு லீவு சொல்லியிருந்தாள். பையில் கடலைமிட்டாய், தண்ணீர், சாந்து, கரண்டி. தலையில் வேலாண்டி கொடுத்த மஞ்சள் ஹெல்மெட். வாசலில் கிடந்த செங்கல்களைத் தாண்டித்தான் வீட்டுக்குள் எல்லோரும் வரவேண்டியிருந்தது, வந்தார்கள், சர்க்கரைக்காரர்களும், துணி காயப்போடுகிற பெண்களும். பெர்னதெத்தும் வந்தாள், கதவோரம் நின்றாள். "எல்லாரும் சுவரோட ஒட்டி நில்லுங்க," என்றார் வேலாண்டி. ஜெனோவா ஓடினாள்.

ஈரத்துணிகளுக்கு அடியில் குனிந்து ஓடினாள், வேலாண்டி பூசிய சுவரைத் தாண்டினாள், தான் பூசிய சுவரைத் தாண்டினாள், அது மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தது, ஆனால் நின்றது. ஒன்பதில் கெண்டைக்கால் நினைவூட்டியது, அவள் அதோடு பேசிக்கொண்டே ஓடினாள், பேச முடிந்ததால் வேகம் சரிதான் என்று தெரிந்தது. பதினொன்றில் காற்றுத் துவாரங்கள் வழியாக உப்பள வாடை வந்தது. பதிமூன்றில் கூரையிலிருந்து ஒரு கைப்பிடிப் பூச்சு ஹெல்மெட்டில் விழுந்தது, அடுத்து ஒரு பெரிய பாளமே இறங்கி வழியை மறித்துக் கிடந்தது, துருப்பிடித்த கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஜெனோவா நின்று, பாளத்தை உடைத்து ஓரமாகத் தள்ளி, பக்கத்தில் விழத் தயாராக இருந்ததையும் கொத்தி இறக்கினாள். பூச நேரமில்லை. "உன்ன அப்புறம் பாத்துக்கிடுதேன்," என்று சுவரிடம் சொல்லிவிட்டு மறுபடி ஓடினாள்.

பதினான்காவது கிலோமீட்டரில் எதிரே சத்தம் கேட்டது. ஓடுகிற சத்தமில்லை. ரப்பர் செருப்பை இழுத்து இழுத்து, எரிச்சலோடு நடக்கிற சத்தம். வெளிச்சத் துண்டு ஒன்றுக்குள் ஜோவிட்டா வந்தாள், அடுத்ததற்குள் வந்தாள், கையில் சொம்பு, பாதித் தண்ணீர் சிந்தி உடுப்பெல்லாம் ஈரம். ஏழு கிலோமீட்டர் நடந்து வந்த முகம் சிவந்திருந்தது.

"குடி. பேசாத," என்றாள்.

ஜெனோவா குடித்தாள். இருவரும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள், அந்த அகலத்தில் அவர்களுடைய கால்கள் ஒன்றையொன்று இடிக்காமல் வைக்க முடியவில்லை.

"ரெண்டு மாசமா சுவத்துக்குள்ள சத்தம் கேக்கு," என்றாள் ஜோவிட்டா. "ஞாயித்துக்கிழம ஆனா கொத்துத சத்தம். நேத்து அத்த சொன்னா, நீ இன்னைக்கு வாறன்னு. ஹெல்மெட்டு யாருது?"

"வேலாண்டியது."

"கேவலமா இருக்கு."

ஜெனோவா சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். முழங்கால் சொடக்கிட்டது. அவள் பின்னறைப் பக்கமே திரும்பி நின்றாள்.

"எங்க போற?"

"உன் ரூமுக்கு."

"நான்தான் இங்க இருக்கேனே!"

"கதவத் தட்டத்தான் கிளம்பி வந்தேன். தட்டிட்டுத்தான் எதுவும் பேசுவேன்."

"லூசாம்மா நீ? அங்க யாருமே இல்ல!"

"பரவால்ல," என்று ஜெனோவா ஓடத் தொடங்கினாள். பின்னால் மகள் திட்டுவது கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு அது திட்டா சிரிப்பா என்று தெரியாத சத்தமானது, பிறகு செருப்புச் சத்தம் மட்டும் தூரத்தில் விடாமல் வந்தது.

அந்த நடை அதற்குப் பிறகும் ஓர் அடிகூடக் குறையவில்லை என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை வந்த கொத்தனாரை ஜெனோவா வாசலிலேயே திருப்பியனுப்பினாள், செங்கலைப் பெர்னதெத் எடுத்துப்போய்த் தன் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டிக்கொண்டாள், சேவியர் விடுமுறைக்கு வந்தபோது மூன்றாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்து, கையில் கரண்டி கொடுக்கப்பட்டு, அங்கேயே பூசினார். இதெல்லாம் பிறகு.

அந்தச் சனிக்கிழமை, பதினேழில் அவளுடைய கால்கள் அவளுடையவை அல்லாமல் ஆயின, பத்தொன்பதில் மாதாவையும் சேவியரையும் உப்புக் காற்றையும் மாறிமாறி வைதாள், இருபதில் பச்சைக் கதவு தபால்தலை அளவுக்குத் தெரிந்தது. அவள் நடக்கவில்லை. கதவு தபால் கவர் அளவானது, சன்னல் அளவானது, கதவு அளவானது. இரண்டு உள்ளங்கைகளையும் நிலையில் ஊன்றி நின்றாள். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே கட்டிலும் புத்தகங்களும் தெரிந்தன, யாரும் இல்லை. ஜெனோவா உள்ளே போகவில்லை. கதவை இழுத்துச் சாத்தினாள், மூன்று தடவை தட்டினாள். பிறகு தரையில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றாள்.

ஜோவிட்டா வந்துசேர அரை மணிக்குமேல் ஆனது. செருப்பு ஒன்று அறுந்து கையில் இருந்தது. அம்மாவையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தாள். அம்மாவின் காலைத் தாண்டிக் கதவைத் திறந்து உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள், தாழ் விழுந்தது.

ஜெனோவா சுவரைப் பிடித்து எழுந்தாள். மறுபடி தட்டினாள்.

"யாரு?" என்றது உள்ளிருந்து குரல்.

"நான்தான். உன் அம்மா."

"என்ன வேணும்?"

"அடிச்சது தப்பு. அத்தன பேர் முன்னால அடிச்சது அதவிடத் தப்பு. டியூஷனுக்கு ஏன் போகலன்னு நான் உங்கிட்ட கேக்கவேயில்ல. அதக் கேக்க வந்தேன். சொல்லப் பிடிக்கலன்னா சொல்லாத. நான் அடுத்த சனிக்கிழமையும் வருவேன்."

ஜெனோவா கதவில் நெற்றியை வைத்து நின்றாள். அவள் உட்காரவில்லை.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

"ஷூவ வெளிய கழத்திப் போட்டுட்டு வா," என்றாள் ஜோவிட்டா. "காலைலதான் கூட்டித் தொடச்சேன்."